ஊரைப் படங்களில் தொகுக்கப் போகிறீர்களா? இந்த இடங்களில்தான் சறுக்கும்

திருத்துறைப்பூண்டி மாதிரி ஒரு நெல் ஊரின் வரலாற்றைப் பழைய படங்களாகத் தொகுக்கக் கிளம்புகிறவர் முதலில் போய் நிற்பது பெரிய வீட்டு வாசலில்தான். 1950, 60களில் காமிரா வைத்திருந்ததும், ஸ்டுடியோக்காரரை வீட்டுக்கே வரவழைத்ததும் பெரும்பாலும் அவர்கள்தானே. பெட்டி நிறையப் படம் கிடைக்கும். அதோடு வேலை முடிந்தது என்று நினைத்தால் கையில் மிஞ்சுவது ஊரின் கதையல்ல, நாலு பண்ணை வீட்டுக் கல்யாண ஆல்பம்.

அப்படி ஒரு பெட்டியில் நான் பார்த்த படம் இது. களத்துமேடு. நடுவில் குடை நிழலில் நாற்காலி போட்டு ஒருவர். படத்தின் பின்னால் அவர் பெயர், அவர் அப்பா பெயர் எல்லாம் இருக்கிறது. சுற்றி முறமும் கையுமாகப் பதினோரு பேர். அவர்களுக்கு ஒரே சொல்: 'ஆட்கள்'. இதை அப்படியே படக்குறிப்பாக எடுத்துப் போடுவது அடுத்த தவறு. படத்தை நகலெடுத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போக வேண்டும். வயதான ஒரு அம்மா கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "இது எங்க சின்னத்தைல்ல!" என்பார். எல்லாப் பெயரும் கிடைக்காது. கிடைத்த நாலு பெயரையாவது எழுதுங்கள்.

கூலி வேலை பார்த்தவர்கள் வீட்டில் படமே இருக்காது என்று போகாமல் இருந்துவிடுவதும் உண்டு. ஸ்டுடியோவில் ஜோடியாக நின்று எடுத்த கல்யாணப் படம், சங்க மாநாட்டுப் படம் என்று ஏதாவது இருக்கும். இந்த வட்டாரத்தில் 1940களிலேயே விவசாயத் தொழிலாளர் சங்கம் வேரூன்றிவிட்டது. பண்ணையார்கள் தண்டனையாகக் கொடுத்த சாட்டையடிக்கும், குடிக்க வைத்த சாணிப்பாலுக்கும் (சாணி கரைத்த தண்ணீர்) எதிராக நின்ற கம்யூனிஸ்ட் தலைவர் பி. சீனிவாசராவுக்கு ஊரிலேயே நினைவிடம் இருக்கிறது. 1952-இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்ததற்குப் பின்னால் இந்தப் போராட்டங்கள்தான் இருந்தன. 'பழசைக் கிளறுவானேன்' என்று இதையெல்லாம் விட்டுவிட்டுத் தேர்த் திருவிழாவை மட்டும் அடுக்குவது என்னைப் பொறுத்தவரை பொய்க்குப் பக்கத்து வீடு.

அப்புறம் காலக்கணக்கு. கறுப்பு வெள்ளை என்றாலே 'சுமார் 1950' என்று போட்டுவிடுகிறார்கள். 80கள் வரைகூடக் கறுப்பு வெள்ளையில் எடுத்தவர்கள் உண்டு. படத்துக்குள்ளேயே சாட்சி தேடுங்கள். கடைப் பலகையில் 'தஞ்சை மாவட்டம்' என்றிருந்தால் அநேகமாக 1991-க்கு முன் எழுதிய பலகை. 'நாகை மாவட்டம்' என்றிருந்தால் 1991-க்கும் 1997-க்கும் நடுவில் எழுதிய பலகை. அதற்குப் பிறகு ஊர் திருவாரூர் மாவட்டத்துக்குப் போய்விட்டது. பலகையை உடனே மாற்றாத கடைக்காரர்கள் உண்டு என்பதால், பலகையை வைத்துத் தொடக்க வருஷத்தைச் சொல்லலாமே தவிர முடிவைச் சொல்ல முடியாது. பஸ்ஸில் 'சோழன்' (இந்தப் பக்கத்து அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் அப்போதைய பெயர்) என்று எழுதியிருந்தால் 1972-க்குப் பின். 'லை', 'னை' எழுத்துகள் பழைய யானைத் தும்பிக்கை வடிவத்தோடு இருந்தால் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் என்பார்கள். பலகை எழுதும் ஓவியர்கள் அரசாணையைப் பார்த்துத் தூரிகையைத் திருப்பியவர்கள் இல்லை என்பதால் இதை மட்டும் நம்ப வேண்டாம்.

பயிரும் சொல்லும். ஐ.ஆர். 8 மாதிரியான குட்டை ரகங்கள் 60களின் பிற்பகுதியில் பரவின. ஆள் உயரத்துக்கு நெல் நின்றால் அதற்கு முந்தைய படமாக இருக்கலாம். ஆனால் பாரம்பரிய நெல் ரகங்களை மீட்ட நெல் ஜெயராமனின் முயற்சியால், உயரமாக வளரும் பழைய ரகமான மாப்பிள்ளைச் சம்பா இதே வட்டாரத்தில் திரும்பவும் வயலுக்கு வந்தது, அதையும் நினைவில் வையுங்கள்.

படத்தைக் கையாளுவதில் ரெண்டு விஷயம். கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தைப் பிய்க்காதீர்கள், பிய்த்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியோடே ஸ்கேன் செய்யுங்கள். 'நாளைக்குத் தருகிறேன்' என்று யார் வீட்டுப் படத்தையும் வாங்கிப் போகாதீர்கள். 2018 நவம்பரில் கஜா புயலில் கூரை பறந்த வீடுகளில் மிஞ்சியது ஒரே ஒரு படமாக இருக்கலாம். ஸ்கேனரைத் தூக்கிக்கொண்டு அங்கே போய், திண்ணையில் உட்கார்ந்து எடுத்துக்கொண்டு, படத்தை அவர்கள் கையிலேயே கொடுத்துவிட்டு வாருங்கள்.