ஒரு டெஸ்ட்டின் நெட்வொர்க் செட்டிங் அடுத்த டெஸ்ட்டுக்குக் கசியாமல் தடுப்பது எப்படி?

தனியாக ஓட்டினால் பாஸ் ஆகும் டெஸ்ட், மொத்தமாக ஓட்டும்போது ஃபெயில் ஆகிறதா? அதற்கு முன்னால் ஓடிய டெஸ்ட்டைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். ப்ராக்ஸி (இணைப்பை இடையில் நின்று கடத்தும் சர்வர்), டைம்அவுட் (பதிலுக்குக் காத்திருக்கும் நேர வரம்பு) போன்றவற்றின் செட்டிங் ஒரு ஃபங்ஷனுக்குள் அடங்குவதில்லை. ஒரே ப்ராசஸில் ஓடும் எல்லா டெஸ்ட்டுகளுக்கும் அவை பொது. இங்கே லினக்ஸில் பைத்தானையும், அதன் டெஸ்ட்டுகளை ஓட்டும் கருவியான பைடெஸ்ட்டையும் வைத்துப் பார்ப்போம்.

படி 1: கசிவை உறுதி செய்யுங்கள்

பைடெஸ்ட்-ரேண்டம்லி பிளகினைப் போட்டால், ஒவ்வொரு ஓட்டத்திலும் டெஸ்ட்டுகளின் வரிசை மாறும். அவுட்புட்டின் தொடக்கத்தில் ஒரு சீட் எண் வரும். ஃபெயில் ஆனால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். அதே எண்ணைக் கொடுத்து ஓட்டினால் அதே வரிசை திரும்பக் கிடைக்கும்.

படி 2: ப்ராக்ஸி வேரியபிள்கள்

பெரும்பாலான கசிவு இங்கேதான். டெஸ்ட்டின் முதல் வரியில் என்விரான்மென்ட் வேரியபிளை மாற்றி, கடைசி வரியில் பழையபடி ஆக்குவார்கள். நடுவில் ஒரு அசர்ட் தோற்றால் அந்தக் கடைசி வரி ஓடவே ஓடாது. அதனால் பைடெஸ்ட்டிலேயே உள்ள மங்கிபேட்ச் ஃபிக்ஸ்சரைப் (ஃபிக்ஸ்சர் என்பது டெஸ்ட்டுக்கு முன்னும் பின்னும் வேண்டிய ஏற்பாட்டைச் செய்யும் ஃபங்ஷன்) பயன்படுத்துங்கள். டெஸ்ட் தோற்றாலும் அது பழைய மதிப்பை மீட்டுவிடும்.

பைடெஸ்ட் தானாகவே படிக்கும் கான்ஃப்டெஸ்ட் ஃபைலில், கேட்காமலே ஒவ்வொரு டெஸ்ட்டுக்கும் ஓடும் ஆட்டோயூஸ் ஃபிக்ஸ்சர் ஒன்றை எழுதி, எச்டிடிபி, எச்டிடிபிஎஸ், ஆல், நோ ஆகிய நான்கு ப்ராக்ஸி வேரியபிள்களையும் நீக்குங்கள். பெரிய எழுத்து, சிறிய எழுத்து இரண்டிலும் நீக்க வேண்டும், ஆக மொத்தம் 8. நீக்கும்போது ரெய்ஸிங் மதிப்பை ஃபால்ஸ் என்று கொடுங்கள். இல்லாவிட்டால், அந்த வேரியபிள் இல்லாத மெஷினில் கீஎரர் வரும்.

இவ்வளவு செய்தும் பழைய ப்ராக்ஸி ஒட்டிக்கொண்டிருந்தால், சர்வருக்குக் கோரிக்கை அனுப்பும் கிளையன்ட்டைப் பாருங்கள். எச்டிடிபிஎக்ஸ் போன்ற லைப்ரரிகள் கிளையன்ட் உருவாகும் நேரத்திலேயே ப்ராக்ஸியைப் படித்து வைத்துக்கொள்ளும். மாட்யூல் மட்டத்தில் கிளையன்ட் உருவாக்கியிருந்தால் ஃபிக்ஸ்சருக்கு வேலையே இல்லை. ஒவ்வொரு டெஸ்ட்டிலும் புதிதாக உருவாக்குங்கள்.

படி 3: டீஃபால்ட் டைம்அவுட்

நெட்வொர்க் இணைப்புகளைக் கையாளும் சாக்கெட் மாட்யூலின் டீஃபால்ட் டைம்அவுட்டும் ப்ராசஸ் முழுக்கப் பொது. ஃபிக்ஸ்சரில் யீல்டு வரும் இடத்தில்தான் டெஸ்ட் ஓடும். யீல்டுக்கு முன் பழைய மதிப்பை எடுத்து வையுங்கள், யீல்டுக்குப் பின் திரும்பப் போடுங்கள்.

படி 4: போர்ட்

டெஸ்ட் சர்வருக்கு 8080 என்று எழுதி வைக்காதீர்கள். போர்ட் 0 கொடுத்து பைண்ட் செய்தால், காலியாக உள்ள ஒன்றை ஆப்பரேட்டிங் சிஸ்டமே தரும். எது கிடைத்தது என்பதை சர்வரிடமே கேட்டு வாங்குங்கள். காலி போர்ட்டைக் கண்டுபிடித்து, சாக்கெட்டை மூடிவிட்டு, அந்த எண்ணை சர்வரிடம் கொடுப்பது ஆபத்து: இடையில் வேறொரு ப்ராசஸ் அதைப் பிடித்துக்கொள்ளலாம். முகவரியாக லோக்கல்ஹோஸ்ட்டுக்குப் பதில் 127.0.0.1 என்றே எழுதுங்கள். சில மெஷின்களில் லோக்கல்ஹோஸ்ட் முதலில் ஐபிவி6 முகவரிக்குப் போகும்.

படி 5: வெளியே போகும் வழியை அடைத்துவிடுங்கள்

பைடெஸ்ட்-சாக்கெட் பிளகினில், அனுமதிக்கும் ஹோஸ்ட்டாக 127.0.0.1-ஐ மட்டும் கொடுங்கள். ஆனால் இது பைத்தானின் சாக்கெட்டை மட்டுமே மறிக்கும். டெஸ்ட் கிளப்பிவிடும் தனி ப்ராசஸோ, சி லைப்ரரி வழியாகப் பேசும் டேட்டாபேஸ் டிரைவரோ இதில் சிக்காது.

அவற்றையும் மறிக்க, அன்ஷேர் கமாண்டால் புதிய நெட்வொர்க் நேம்ஸ்பேஸில் (வெளி நெட்வொர்க்கிலிருந்து பிரிக்கப்பட்ட தனி நெட்வொர்க் சூழல்) டெஸ்ட்டுகளை ஓட்டலாம். உள்ளே போனதும் எல்லா டெஸ்ட்டும் தோற்றால் பதற வேண்டாம். புதிய நேம்ஸ்பேஸில், 127.0.0.1 இயங்கும் லூப்பேக் இன்டர்ஃபேஸ் அணைந்தே இருக்கும். டெஸ்ட்டுக்கு முன் ஐபி கமாண்டால் அதை ஆன் செய்துவிடுங்கள்.