சோலார் தேய்மானம்: பில் தேதியை நம்பி ஏமாற வேண்டாம்

பிப்ரவரி பிறந்தால் திருப்பூர், பல்லடம், ஈரோடு பக்கம் ஆலைக் கூரைகளில் அவசரமாகப் பேனல் ஏறும். ஆண்டுக் கணக்கில் லாபம் கூடுதலாகத் தெரியும், 'சோலார் போட்டால் 40 சதவீதம் தேய்மானம்' என்று யாராவது சொல்லியிருப்பார்கள். தேய்மானம் என்பது, கருவியின் மதிப்பில் ஒரு பங்கை ஆண்டுதோறும் வருமான வரிக் கணக்கில் செலவாகக் கழித்துக்கொள்வது. அந்த விகிதம் சரிதான். 2017 ஏப்ரல் 1 முதல் சூரிய மின் கருவிகளுக்கு 40 சதவீதம், அதற்கு முன் 80. பில்லைப் பத்திரமாக வைப்பது போன்றவை எல்லோருக்கும் தெரியும் என்பதால் விட்டுவிடுகிறோம். புதிதாகச் சோலாரில் இறங்குபவர்கள் ஆண்டுதோறும் செய்கிற தவறுகள் வேறு.

பில் தேதி வேறு, ஓடத் தொடங்கிய தேதி வேறு

இதில்தான் பெரிய பணம் போகிறது. தேய்மானம் கோர இரண்டு நிபந்தனைகள். கருவி உங்களுக்குச் சொந்தமாக இருக்க வேண்டும். அந்த நிதியாண்டுக்குள் தொழிலுக்குப் பயன்பட்டிருக்கவும் வேண்டும். விற்பவர் 'மார்ச் 31க்குள் பில் போட்டுத் தருகிறோம்' என்பார். அது முதல் நிபந்தனைக்கு மட்டுமே உதவும்.

வழக்கமாக நடப்பது இதுதான். மார்ச் 20ஆம் தேதி பேனல் வந்து இறங்கும். 28ஆம் தேதி பில். ஸ்ட்ரக்சர் வேலை ஏப்ரல் நடுவில் முடியும். மின் ஆய்வாளரின் பாதுகாப்புச் சான்று, நெட் மீட்டர் (உள்ளே வரும் மின்சாரத்தையும் வெளியே போகும் மின்சாரத்தையும் தனித்தனியாக அளப்பது), மின்வாரிய இணைப்பு எல்லாம் முடிய மே, ஜூன் ஆகிவிடும். பேனலின் மின்சாரத்தை ஆலைக்கு ஏற்றபடி மாற்றித் தருவது இன்வெர்ட்டர். கிரிட்டோடு, அதாவது வாரியத்தின் மின் லைனோடு, இணையும் வகை இன்வெர்ட்டர், வெளியிலிருந்து வாரிய மின்சாரம் வந்தால்தான் ஓடும். ஆகவே கூரையில் பேனல் மின்னுவதால் மட்டும் ஒரு யூனிட்கூட உற்பத்தியாகாது. இணைப்புத் தேதி ஜூன் என்றால், மார்ச்சோடு முடிந்த ஆண்டுக்குத் தேய்மானம் பூஜ்யம்.

அந்த ஆண்டுக்குள்ளேயே ஓடினாலும் 180 நாள் கணக்கு உண்டு: ஆண்டில் 180 நாளுக்குக் குறைவாக ஓடினால் பாதித் தேய்மானமே. அக்டோபர் 3க்குள் ஓடத் தொடங்கினால் முழு 40 சதவீதம். அதற்குப் பிறகென்றால் பாதி, 20. ஜி.எஸ்.டி. நீங்கலாக 1 கோடி ரூபாய் நிலையம், 25.168 சதவீத வரி கட்டும் நிறுவனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஆண்டில் அக்டோபர் 3க்குள் ஓடினால் சுமார் 10.07 லட்சம் வரி குறையும். டிசம்பரில் ஓடினால் 5.03 லட்சம். மார்ச் பில்லும் ஜூன் இணைப்புமாக இருந்தால் ஒன்றுமில்லை.

விட்ட தேய்மானம் அடுத்த ஆண்டுகளில் வரும் என்பது உண்மை. ஆனால் இந்த ஆண்டே கிடைக்கும் என்று நம்பி முன்வரியை (ஆண்டு முடியும் முன்பே தவணையாகக் கட்டும் வருமான வரி) குறைத்துக் கட்டியவர் பற்றாக்குறைக்கு மாதம் 1 சதவீத வட்டி கட்ட வேண்டும். ஓடாத நிலையத்தை ஓடியதாகக் கணக்கில் காட்டிப் பிடிபட்டால் அபராதமும் சேரும். வரிச் சலுகைக்காகவே வாங்கிய கடனின் தவணையும் அதே மாதத்தில் தொடங்கியிருக்கும்.

ஆதாரத்துக்கு வேண்டியவை: இயக்கத் தொடக்கச் சான்று, பாதுகாப்புச் சான்று, மீட்டர் பொருத்திய நாளின் ரீடிங், இன்வெர்ட்டரின் நாள்வாரி உற்பத்திப் பதிவு. கடைசியாகச் சொன்னதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். முதல் நாள் உற்பத்தி பத்து யூனிட்டாக இருந்தாலும் அந்தப் பக்கத்தை அன்றைக்கே இறக்கிக் கோப்பில் வையுங்கள். சோதனை ஓட்டமாகவே இருந்தாலும் வாதாட இடம் கிடைக்கும்.

தேதியைப் பிடிக்க அனுமதி வருவதற்கு முன்பே இன்வெர்ட்டரை ஓட்டிப் பார்க்காதீர்கள். லைனில் வேலை செய்பவருக்கு ஆபத்து. நெட் மீட்டர் இல்லாத இடத்தில் வெளியே போகும் மின்சாரத்தையும் மீட்டர் நுகர்வாகப் பதிந்துவிடக்கூடும்.

ஆர்டரை ஏப்ரலில் கொடுங்கள். ஒப்பந்தத்தில் கடைசித் தவணையை, 'பொருள் இறங்கியதும்' என்றில்லாமல் 'நெட் மீட்டர் ஓடியதும்' என்று எழுதி வாங்குங்கள். விற்பவருக்கு அப்போதுதான் அவசரம் வரும்.

ஜி.எஸ்.டி.யை இரண்டு முறை எடுப்பது

பேனலும் பொருத்தும் வேலையும் சேர்ந்த ஒப்பந்தத்தில் 70 சதவீதம் பொருள், 30 சதவீதம் சேவை என்று கணக்கு. 2025 செப்டம்பர் 22 முதல் பொருளுக்கு 5, சேவைக்கு 18, மொத்தத்தில் 8.9 சதவீதம் விழும். முன்பு 13.8 இருந்தது. பழைய கொட்டேஷனை வைத்துக்கொண்டு பேசுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். 1 கோடிக்கு வரும் 8.9 லட்சத்தை இன்புட் கிரெடிட்டாக (நீங்கள் கட்ட வேண்டிய ஜி.எஸ்.டி.யில் கழித்துக்கொள்ளும் தொகை) எடுத்தால் தேய்மானம் 1 கோடிக்கு மட்டும். வரியையும் சேர்த்துச் சொத்து மதிப்பாக எழுதித் தேய்மானம் எடுத்தால் கிரெடிட் கிடையாது. மின்சாரத்தை வெளியே விற்றாலும் சிக்கல் உண்டு. மின்சாரத்துக்கு ஜி.எஸ்.டி. விலக்கு என்பதால், விற்ற பங்குக்கான கிரெடிட்டைத் திருப்ப வேண்டும்.

கூரை செலவைச் சோலாரில் சேர்ப்பது

ஆஸ்பெஸ்டாஸை எடுத்துவிட்டு இரும்புத் தகடு போட்ட செலவு கட்டடத்தைச் சேர்ந்தது, 10 சதவீதம். பேனலைத் தாங்கும் ஸ்ட்ரக்சர் மட்டுமே சோலாரோடு போகும். பில்லைத் தனித்தனியாகக் கேளுங்கள்.

மூலதன மானியத்தைக் கழிக்காமல் விடுவது

நிலையம் அமைக்க அரசு தந்த மானியத்தை அதன் விலையிலிருந்து கழித்த பிறகு மிஞ்சும் தொகைக்கே தேய்மானம்.

கூடுதல் 20 சதவீதத்தை எல்லோருக்கும் என்று நினைப்பது

உற்பத்தித் தொழிலில் புதிய இயந்திரத்துக்கு முதல் ஆண்டில் கிடைக்கும் கூடுதல் தேய்மானம் இது. 22 சதவீத அடிப்படை வரியை (மேல்வரிகளோடு மேலே சொன்ன 25.168) தேர்ந்தெடுத்த நிறுவனங்களுக்குக் கிடையாது, புதிய வரிமுறையில் உள்ள தனிநபருக்கும் கிடையாது. கூட்டாண்மை நிறுவனமாக நடக்கும் ஆலைகள்தான் பெரும்பாலும் இதற்குத் தகுதி பெறுகின்றன. அவற்றில் பலவும் கேட்பதே இல்லை.

வீட்டுக் கூரை

வரிக்கழிவு இல்லை. 2024இல் வந்த பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் இருப்பது மானியம்: 2 கிலோவாட் வரை கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 3 கிலோவாட்டுக்கும் அதற்கு மேலும் மொத்தமாக 78,000 ரூபாய். உள்நாட்டில் செய்த செல் கொண்ட பேனலாக இருக்க வேண்டும். மலிவென்று இறக்குமதிப் பேனலை ஏற்றினால் மானியம் போய்விடும்.