சிங்கப்பூரில் ஒருநாள் உலா: மதியச் சாப்பாட்டிலிருந்து திட்டமிடுங்கள்

ஊரிலிருந்து உறவுக்காரர்கள் வந்தால் ஒரே நாளில் பழைய சிங்கப்பூரைச் சுற்றிக் காட்டி, மதியம் தெரிந்தவர் ஒருவர் வீட்டில் சாப்பாட்டுக்கும் ஏற்பாடு செய்துவிட வேண்டும் என்று நினைக்கிறோம். வழிகாட்டி வைத்தாலும் சரி, நாமே கூட்டிப் போனாலும் சரி, நாள் சொதப்புவது பெரும்பாலும் ஒரே காரணத்தால்தான். இடங்களை முதலில் எழுதிவிட்டு, சாப்பாட்டைக் கடைசியில் எங்காவது செருகுகிறோம். இலை எத்தனை மணிக்கு என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

கோயில்களுக்கும் அதுதான் தோது. சவுத் பிரிட்ஜ் சாலை ஸ்ரீ மாரியம்மன் கோயில் நடுப்பகலில் நடை சாத்தினால் மாலையில்தான் திறக்கும். 1819இல் நவீன சிங்கப்பூரை நிறுவிய ஆங்கிலேயர் ராஃபிள்ஸுடன் பினாங்கிலிருந்து வந்த நாராயண பிள்ளை, 1827இல் மரமும் அத்தாப்பு ஓலையும் வைத்து எழுப்பியது அது. இந்தக் கதையைப் பூட்டிய கதவுக்கு வெளியே நின்று சொல்லி என்ன பயன்? காலையிலேயே போய்விடுங்கள், வெறுங்காலுக்குத் தரையும் சுடாது.

அங்கிருந்து பலரும் நேரே சைனாடவுன் நினைவுப்பொருள் கடைகளுக்குள் நுழைந்துவிடுகிறார்கள். குளிர்பெட்டியில் ஒட்டும் காந்தம் எங்கும் கிடைக்கும். கொஞ்ச தூரம் நடந்தால் தெலுக் ஆயர் ஸ்திரீட். மண் கொட்டிக் கடலைத் தூர்ப்பதற்கு முன்பு இதுதான் கடற்கரை. கப்பலில் வந்திறங்கியவர்கள் உயிரோடு கரை சேர்ந்ததற்கு நன்றி சொன்ன இடம். சீனர்களின் தியான் ஹொக் கெங் ஆலயமும், நாகூரை நினைத்துத் தமிழ் முஸ்லிம்கள் 1828 முதல் 1830க்குள் கட்டிய நாகூர் தர்காவும் ஒரே வரிசையில் நிற்கின்றன. அதே தெருவிலுள்ள அல்-அப்ரார் பள்ளிவாசல் தொடக்கத்தில் ஓலைக் குடிசை. அதனால் நம்மவர்கள் வைத்த பெயர் குச்சுப் பள்ளி. தஞ்சாவூர்ப் பக்கத்து ஆட்களுக்கு இந்த ஒரு தெருவே போதும், மெரினா பே எல்லாம் அப்புறம். வெள்ளிக்கிழமை மதியம் மட்டும் வேண்டாம், ஜும்ஆ நேரம். தோளும் முழங்காலும் மறையும் உடை எல்லா இடத்துக்கும் பொருந்தும்.

வழிகாட்டிக்குக் காசு கொடுப்பதாக இருந்தால் சிங்கப்பூர் பயணத்துறைக் கழக உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள். உரிமம் இல்லாமல் காசு வாங்கிச் சுற்றிக் காட்டுவது இங்கே குற்றம். எம்ஆர்டி ரயிலில் அத்தை முறுக்குப் பொட்டலத்தைப் பிரிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், 500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம்.

சாப்பாட்டில்தான் சங்கடம் அதிகம். காலையில் லிட்டில் இந்தியாவின் தேக்கா சந்தையில் இரண்டு முட்டை பரோட்டாவும் தே தாரிக் என்ற ஆற்றிய பால் தேநீரும் ஏற்றிக்கொண்டு வந்தால், மதியம் சமைத்தவர் முகத்தைப் பார்க்க முடியாது. இரண்டு இட்லியோடு நிறுத்துங்கள். சைவமா, ஹலாலா, மாட்டிறைச்சி ஆகாதா என்பதை இரண்டு நாள் முன்பே சமைப்பவரிடம் சொல்லிவிடுங்கள். "சைவம்" என்று மட்டும் சொன்னால் போதாது. சம்பால் என்ற மிளகாய் விழுதில் பிளாச்சான் இருக்கும், அது இறால் விழுது, பார்த்தால் தெரியாது. கங்கோங் கீரைப் பிரட்டலிலும் அது சேரும். வாயில் வைத்த பிறகு கண்டுபிடித்தால் இரண்டு பக்கமும் தர்மசங்கடம்.

மதுரையிலிருந்து வந்தவருக்கு இங்கேயும் சாம்பாரும் பொரியலுமா? அசைவம் சாப்பிடுபவர் என்றால் மீன் தலைக் கறி கேளுங்கள். 1949இல் எம்.ஜே. கோமெஸ் என்ற மலையாளி தன் உணவகத்தில் சீன வாடிக்கையாளர்களை மனத்தில் வைத்துத் தொடங்கியதாகச் சொல்வார்கள். புளிக் குழம்பில் வெண்டைக்காயும் தக்காளியும் மிதக்க, தட்டை மறைக்கும் ஒரு தலை. கன்னத்துச் சதையை யாருக்கு வைப்பது என்பதில் வீட்டுக்கு வீடு சண்டை.

நேரத்துக்குப் போங்கள். அப்பளம் ஆள் வந்த பிறகுதான் எண்ணெயில் விழும், ஆனால் சோறு முக்கால் மணி நேரம் காத்திருக்காது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடு என்றால் பதினைந்து பேராகத் தாழ்வாரத்தில் நின்று சத்தம் போடாதீர்கள், பக்கத்து வீட்டு வாசலில் செருப்பைக் குவிக்காதீர்கள்.

உண்ட மயக்கத்தில் பழைய மலாய் வட்டாரமான கம்போங் கிளாமையும் சேர்க்க வேண்டாம். கேம்பல் லேனில் 2015இல் திறந்த இந்திய மரபுடைமை நிலையம் குளுகுளுவென்றிருக்கும், திங்கட்கிழமை மூடியிருக்கும். வெளியே வரும்போது வெயில் தணிந்திருந்தால் சிராங்கூன் சாலையில் நடந்து சீனிவாசப் பெருமாள் கோயில் திறக்கும் நேரத்துக்குப் போய்ச் சேரலாம். ஞாயிறு மாலை மட்டும் அந்த நடை வேண்டாம்; கூட்டத்தில் பெரியவர்களை நகர்த்துவதே பெரும்பாடு.