மறைந்தெழும் ஹெட்லைட்டை வேக்குவத்திலிருந்து மின்சாரத்துக்கு மாற்றும் முறை

முகப்பு விளக்கை மூடிக்குள் மறைத்து வைக்கும் பழக்கம் 1936ஆம் ஆண்டின் கார்ட் 810 காரில் தொடங்கியபோது, ஓட்டுநர் டேஷ்போர்டில் இருந்த கைப்பிடிகளைச் சுற்றித்தான் விளக்கை வெளியே கொண்டுவர வேண்டியிருந்தது. செவ்ரோலே கார்வெட்டில் 1963 முதல் 1967 வரை மின்மோட்டார் அந்த வேலையைச் செய்தது. 1968இல் வேக்குவத்துக்கு, அதாவது காற்றை உறிஞ்சும் விசைக்கு மாறி, 1982 வரை அதிலேயே நீடித்து, 1984இல் வந்த புதிய மாடலில் மறுபடியும் மின்மோட்டாருக்கே திரும்பியது. ஆகவே வேக்குவ விளக்கை மின்சாரத்துக்கு மாற்றுவது வண்டியின் மரபுக்குச் செய்யும் துரோகம் என்று யாரேனும் சொன்னால், அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. இருப்பினும் மாற்றியே தீரவேண்டுமா என்பதை முதலில் பார்த்துவிட வேண்டும்.

வேக்குவ அமைப்பில், இன்ஜினுக்குள் காற்று செல்லும் குழாய்த்தொகுப்பான மேனிஃபோல்டிலிருந்து வரும் உறிஞ்சுவிசை, ஒருவழி வால்வு வழியாக ஒரு தொட்டியில் சேர்ந்து, ரிலே வால்வுகள் திறக்கும்போது டயாபிரம் என்னும் ரப்பர் சவ்வை இழுத்து விளக்கைத் தூக்குகிறது. நல்ல நிலையிலுள்ள இன்ஜின் ஐட்லிங்கில் 18 முதல் 20 அங்குலப் பாதரச அளவுக்கு வேக்குவம் தரும். அது சரியாக இருந்தும் ஒரு விளக்கு மட்டும் சோம்பினால், குற்றவாளி பெரும்பாலும் வெடித்த ஹோஸ், அல்லது டயாபிரத்தின் தண்டைச் சுற்றியுள்ள சீல். நம் பக்கத்து வெயிலில் பானட்டுக்குள் வெந்த ரப்பர் ஹோஸ் விரலால் வளைத்தாலே அப்பளம்போல் நொறுங்கும். கோவையை அடுத்த கிணத்துக்கடவு அருகே பொழுது சாய்ந்த நேரத்தில் நண்பர் ஒருவரின் பழைய காரில் இடப்பக்க விளக்கு அரைக்கண்ணில் நின்றுபோய், இறங்கிக் கையால் தள்ளித் தூக்கிவிட்டு ஊர் சேர்ந்தோம். பிரித்துப் பார்த்தால் ஒரு சாண் ஹோஸ்தான் பழுது. கை வேக்குவம் பம்பை ஒவ்வொரு கிளையிலும் மாட்டி, முள் நிலையாக நிற்கிறதா என்று பார்த்த பிறகே மாற்றத்தைப் பற்றி யோசிக்க வேண்டும்.

மாற்றுவதென்று முடிவானால், வண்டியில் புதிதாக ஒரு துளைகூடப் போடாமல், பழைய போல்ட் துளைகளிலேயே எல்லாவற்றையும் மாட்ட வேண்டும் என்பது என் பிடிவாதம். 50 ஆண்டுகளைக் கடந்த வண்டிகளுக்கான 2021ஆம் ஆண்டின் விண்டேஜ் பதிவு விதிகள், சேஸி, பாடி, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இல்லாமல் வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டும் என்கின்றன. மறுபடி கழற்றி அசலைப் பூட்டக்கூடிய வேலையாக இருந்தால் பின்னாளில் தலைவலி குறையும்.

வேலையின் கடினமான பகுதி வயரிங் அல்ல, அளவெடுப்பு. வேக்குவ ஹோஸ்களைக் கழற்றிவிட்டு, விளக்கைக் கையால் முழுக்கத் தூக்கியும் முழுக்க இறக்கியும், தண்டின்மேல் சாக்பீஸால் இரண்டு கோடு போட்டு, இடைவெளியை வெர்னியரில் அளக்க வேண்டும். இரு பக்கமும் தனித்தனியாக அளக்க வேண்டும், ஏனெனில் அரை நூற்றாண்டு தேய்ந்த வண்டியில் இரண்டும் ஒன்றாக இருப்பது அரிது. அடுத்து, மண்டிகளில் மூட்டை எடைபோடும் கொக்கித் தராசு ஒன்றை மூடியின் நுனியில் மாட்டி மெதுவாக இழுத்து, அது அசையும் கணத்தில் எத்தனை கிலோ காட்டுகிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். உதாரணமாக, கீலிலிருந்து 30 செ.மீ. தள்ளியுள்ள நுனியில் 4 கிலோ தேவைப்பட்டு, தண்டு கீலிலிருந்து 5 செ.மீ.இல் பிடித்திருந்தால், தண்டில் 24 கிலோ விசை வேண்டும். அதைப்போல் இரண்டு மடங்கு, அதாவது 50 கிலோ அளவுக்கு இழுக்கும் 12 வோல்ட் லீனியர் ஆக்சுவேட்டர் (தண்டை நேர்கோட்டில் நீட்டி இழுக்கும் மோட்டார்) போதும். கூடுதல் பலம் நல்லதுதானே என்று 150 கிலோ வகையை வாங்கினால், ஏதேனும் சிக்கும் நாளில் மூடியின் ஃபைபர் கிளாஸ் பிளக்கும், அல்லது துடைத்துக்கொண்டிருக்கும் குழந்தையின் விரல் நசுங்கும்.

ஆக்சுவேட்டரின் ஓட்டம், அதாவது தண்டு நகரும் தூரம், தேவையைவிட நீளமாக இருந்தால், விளக்கு தன் நிறுத்தத்தில் முட்டிய பிறகும் மோட்டார் தள்ளிக்கொண்டே இருக்கும். ஓட்டத்தின் முனையில் மின்சாரத்தை வெட்ட உள்ளிருக்கும் லிமிட் சுவிட்சை எட்டாமல், ஃபியூஸ் போகும்வரை சூடேறும். குட்டையாக இருந்தால் மூடி முழுக்க உட்காராது. கடையில் கிடைப்பது 50 மி.மீ., 100 மி.மீ. போன்ற அளவுகள்தான் என்பதால், தண்டு பிடிக்கும் நெம்புகோலின் துளையைக் கீலுக்கு அருகிலோ தொலைவிலோ மாற்றித்தான் இதைச் சரிக்கட்ட வேண்டும். கோவை கணபதிப் பக்கம் உள்ள லேத் பட்டறைகளில் வரைபடம் கொடுத்தால் பிராக்கெட்டும் நெம்புகோலும் செய்து தருவார்கள். பிராக்கெட்டில் வட்டத் துளைக்குப் பதில் நீள்துளை போடச் சொல்ல வேண்டும். தண்டின் முனையில் ஷாக் அப்சார்பருக்குப் போடும் சிறிய ரப்பர் புஷ் ஒன்றை வைத்தால் இரண்டு மூன்று மி.மீ. நெகிழ்ச்சி கிடைத்து, விளக்கு நிறுத்தத்தில் அழுந்தி நிற்கும், மோட்டாரும் நிம்மதியாக நிற்கும். வேகம் வினாடிக்கு 15 மி.மீ. இருந்தால் 50 மி.மீ. ஓட்டம் ஏறக்குறைய மூன்றேகால் வினாடியில் முடிந்துவிடும், அதுவே போதும்.

வயரிங்கில் இரண்டு ஐந்துபின் ரிலேக்கள் (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சுகள்) போதும். ரிலேயின் காயில் என்னும் சுருளில் மின்சாரம் பாயும்போது 30ஆம் பின் 87உடனும், பாயாதபோது 87ஏ உடனும் இணையும். முதல் ரிலேயில் 87ஆம் பின்னுக்கு பேட்டரி பிளஸ், 87ஏ பின்னுக்கு எர்த். இரண்டாவதில் அப்படியே தலைகீழாக. ஆக்சுவேட்டரின் இரு வயர்களும் இரண்டு ரிலேக்களின் 30ஆம் பின்களுக்குச் செல்லும். இரண்டின் காயிலையும் சேர்த்து, விளக்குச் சுவிட்சிலிருந்து டிம்மருக்கு (ஹை பீம், லோ பீம் மாற்றும் சுவிட்சுக்கு) செல்லும் வயரில் இணைக்க வேண்டும். டிம்மருக்குப் பிறகு எடுத்தால், பீமை மாற்றும்போது விளக்கு இறங்கிவிடும். சுவிட்சைப் போட்டால் விளக்கு எழும், அணைத்தால் திசை மாறி இறங்கும். இறங்கி முடிந்ததும் லிமிட் சுவிட்ச் மின்னோட்டத்தை வெட்டிவிடுவதால், பேட்டரி இரவில் இறங்காது. ஆகவே பிளஸ் இணைப்பை இக்னிஷனிலிருந்து எடுக்காமல் நேரடியாக பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியே எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் சாவியைக் கழற்றியதும் விளக்கு பாதியில் நின்றுவிடும். ஒவ்வொரு பக்கத்துக்கும் தனி ஃபியூஸ் வையுங்கள். கழுவுவதற்காக வெளிச்சமில்லாமல் தூக்க ஒரு சிறு சுவிட்ச் வேண்டுமானால், அதிலிருந்து வரும் வயரிலும் விளக்குச் சுவிட்சிலிருந்து வரும் வயரிலும், மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் 1என்4007 டையோடு ஒவ்வொன்று போட்டுப் பிறகு காயிலில் சேர்க்க வேண்டும்.

எர்த் விஷயத்தில் பலர் ஒரு நாள் முழுக்கத் தொலைக்கிறார்கள். கார்வெட்டின் பாடி ஃபைபர் கிளாஸ் என்பதால், அதில் ஸ்க்ரூ முடுக்கி எர்த் எடுத்தால் ஒன்றும் ஓடாது, 2.5 சதுர மி.மீ. வயரை இரும்புச் சேஸிக்கே கொண்டுபோய், பெயின்ட்டைச் சுரண்டி முடுக்க வேண்டும்.

ரிலே இரவில் செத்துப்போனால் என்ன செய்வது என்பதற்கும் விடை வேண்டும். ஆக்சுவேட்டரை நெம்புகோலோடு இணைக்கும் பின்னுக்கு நட் போடாமல் ஆர்-கிளிப் (கையால் உருவக்கூடிய வளைந்த கம்பி கிளிப்) போட்டால், பானட்டைத் திறந்து கையால் உருவி விளக்கைத் தூக்கி நிறுத்திவிடலாம். தூக்கியது தானாக விழாமலிருக்க, பிராக்கெட்டின் வேறொரு துளையில் அதே பின்னைச் செருகும் வசதியையும் பட்டறையில் அன்றே செய்து வாங்கிவிடுங்கள்.

பழைய வேக்குவ வரிசையைக் கழற்றும்போது எல்லாவற்றையும் பிடுங்கிவிடக்கூடாது. 1968 முதல் 1972 வரையான கார்வெட்டில் வைப்பரை மூடும் கதவும் அதே வேக்குவத்தில் ஓடுகிறது. விளக்குக்குச் செல்லும் கிளையை மட்டும் ரப்பர் மூடியும் கிளிப்பும் போட்டு அடைக்க வேண்டும். அடைக்காவிட்டால் காற்று உள்ளே புகுந்து இன்ஜின் ஐட்லிங்கில் ஏறியிறங்கிக்கொண்டிருக்கும்.

கடைசியாக, 25 அடி தள்ளி ஒரு சுவரில் வெளிச்சத்தை அடித்துப் பார்த்து நிறுத்த போல்ட்டைச் சரிசெய்ய வேண்டும். அமெரிக்க சீல்டு பீம் (லென்ஸும் இழையும் ஒன்றாக அடைக்கப்பட்ட விளக்கு) வலப்பக்கச் சாலைக்காகச் செய்யப்பட்டது. நம் சாலையில் அதன் டிம் எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும், ஆகவே இடப்பக்கப் போக்குவரத்துக்கான லென்ஸைத் தேடி வாங்கிப் பொருத்துங்கள். பிறகு வாட்டர் சர்வீஸில் ஒரு முறை நன்றாகக் கழுவச் சொல்லி, ஈரத்தோடு இருபது முறை ஏற்றி இறக்கி, அம்மீட்டர் ஒவ்வொரு முறையும் ஒரே அளவைக் காட்டுகிறதா என்று பாருங்கள். கழற்றிய டயாபிரங்களையும் வால்வுகளையும் இடம், வலம் என்று எழுதி ஒரு அட்டைப்பெட்டியில் போட்டு, வயரிங் வரைபடத்தின் ஒரு பிரதியை அதிலும் இன்னொன்றைக் கையுறைப் பெட்டியிலும் வைத்துவிடுங்கள்.