திருவருகைக் கால நற்செய்திச் சிந்தனையில் நாம் வழுக்கும் இடங்கள்

ரங்கூனில் எங்கள் தெருவில் நடக்கும் மாலை செபக் கூட்டத்தில், அன்றைய நற்செய்தியைப் பற்றிப் பத்து நிமிடம் பேசும் வேலை பல வருடங்களாக என்னுடையது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாலு வாரங்களான திருவருகைக் காலத்தில்தான் நான் அதிகம் தவறியிருக்கிறேன். நாலு வாரச் சிந்தனையை எழுதவோ பேசவோ போகிறவர்களுக்கு உதவும் என்று அவற்றைச் சொல்கிறேன்.

முதல் தவறு, எடுத்த எடுப்பிலேயே மாட்டுத் தொழுவத்துக்குப் போய் நிற்பது. டிசம்பர் 1 பிறந்ததும் இங்குள்ள கரேன் இனக் கிறிஸ்தவர்கள் பாட்டோடு மாதத்தை வரவேற்பார்கள். அந்தச் சந்தோஷம் நம்மையும் தொற்றிக்கொள்ளும், தொற்றட்டும். ஆனால் வாசகங்களின் வரிசை வேறு. முதல் ஞாயிறு "விழித்திருங்கள்" என்கிறது, ஆண்டவர் மீண்டும் வரும் நாளைப் பற்றிப் பேசுகிறது. இரண்டாம் ஞாயிறும், அந்த வாரம் வியாழன் முதலும் திருமுழுக்கு யோவான் வருகிறார். டிசம்பர் 17 முதல் 24 வரைதான் பிறப்பை ஒட்டிய நிகழ்ச்சிகள். அந்த நாட்களில், ஞாயிறு தவிர, வாசகங்கள் கிழமைப்படி வராது, தேதிப்படி வரும். இது தெரியாமல் போன வருடத் தாளைப் பார்த்துத் தயாரித்தால் வேறு நாளின் நற்செய்தியைப் பேசிவிடுவோம். இன்னொன்றையும் கவனியுங்கள். 2025இல் 18ஆம் தேதி வியாழனும் 21ஆம் தேதி ஞாயிறும் யோசேப்பின் கனவுதான் நற்செய்தி. வியாழனே எல்லாவற்றையும் கொட்டிவிட்டால் ஞாயிற்றுக்கு ஒன்றும் மிஞ்சாது.

பூசையில் நற்செய்திக்கு முன் வரும் முதல் வாசகத்தை விட்டுவிடுவதும் பெரிய இழப்பு. முதல் வாரம் புதன்கிழமை இறைவாக்கினர் எசாயா, மலைமேல் ஆண்டவர் எல்லா மக்களினங்களுக்கும் வைக்கும் விருந்தைச் சொல்கிறார். அன்றைய நற்செய்தியில் இயேசு மலைமேல் அமர்ந்து ஏழு அப்பங்களால் கூட்டத்தைப் பசியாற்றுகிறார். வெள்ளிக்கிழமை எசாயா, பார்வையற்றோரின் கண்கள் காணும் என்கிறார். நற்செய்தியில் பார்வையற்ற இருவர் பார்வை பெறுகிறார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தாலே பாதிச் சிந்தனை கையில் வந்துவிடும்.

டிசம்பர் 8 பற்றி ஒரு வார்த்தை. அமல உற்பவம் என்பது இயேசு கருவானதைப் பற்றியது அல்ல. மரியா தம் தாயின் வயிற்றில் உருவான கணம் முதலே பிறப்புநிலைப் பாவம் இன்றி இருந்தார் என்பதே அந்த விழா. அன்று, இயேசு பிறப்பார் என்று மரியாவுக்குக் கபிரியேல் தூதர் சொன்ன பகுதி வாசிக்கப்படுவதால்தான் குழப்பம் வருகிறது.

அடுத்தது எனக்கு வலிக்கும் தவறு. 2025 மார்ச் 28 அன்று 7.7 அளவில் பூமி அதிர்ந்து சகாயிங்கும் மாண்டலேயும் நொறுங்கின. அதன் பிறகு, முடிவு காலத்தைப் பற்றிய வாசகம் வரும்போதெல்லாம் "அது கடவுள் கொடுத்த தண்டனை" என்று சொல்ல ஒருவராவது இருக்கிறார். தயவுசெய்து அப்படிப் பேசாதீர்கள். சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் இறந்தபோது, அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகளா என்று இயேசுவே கேட்டு, இல்லை என்று பதிலும் சொன்னார். லூக்கா 13இல் இருக்கிறது. நோவாவின் காலத்தைச் சொல்லும் பகுதியும், ஆண்டவர் வரும் நாள் எது என்று உங்களுக்குத் தெரியாது என்றுதான் சொல்கிறது. தேதி கணிக்க அதில் இடமே இல்லை.

இதற்கு நேர் எதிரான தவறு, அவசரமாக ஆறுதல் சொல்வது. மூன்றாம் ஞாயிறு மகிழ்ச்சி ஞாயிறு, சாமியார் ரோஜா நிற உடுப்பு போடுவார். ஆனால் மூன்று வருடச் சுழற்சியில் மத்தேயு வாசிக்கப்படும் வருடத்தில் அன்றைய நற்செய்தி சிறைக்குள்ளிருந்து வருகிறது. "வரவிருப்பவர் நீர்தானா?" என்று யோவான் ஆளனுப்பிக் கேட்கிறார். ஒருமுறை நான் அதைச் சட்டென்று தாண்டி, "கவலைப்படாதீர்கள், எல்லாம் நல்லபடியாக முடியும்" என்று முடித்தேன். மகனிடமிருந்து மாதக்கணக்காகத் தகவல் வராத ஓர் அம்மா, "யோவானுக்கு நல்லபடியா முடியலையே தம்பி" என்றார். எனக்குப் பேச்சு வரவில்லை. அவர் சொன்னது சரி, யோவான் சிறையிலேயே தலை வெட்டப்பட்டு இறந்தார். பார்வையற்றோர் காண்கிறார்கள், ஏழைகளுக்கு நற்செய்தி அறிவிக்கப்படுகிறது என்று இயேசு சொல்லியனுப்பினார். விடுதலை கிடைக்கும் என்று அவர் சொல்லவில்லை. யோவானைக் கடிந்துகொள்ளவும் இல்லை, கூட்டத்தின் முன் அவரைப் புகழ்ந்தார். அன்று முதல் அந்தக் கேள்வியைக் கேள்வியாகவே கொஞ்ச நேரம் விட்டுவைக்கப் பழகியிருக்கிறேன்.

டிசம்பர் 17இல் வரும் இயேசுவின் தலைமுறைப் பட்டியலைப் பலர் வெறும் பெயர்கள் என்று ஒதுக்குகிறார்கள். நம் ஊரில் அப்படிச் செய்யவே கூடாது. கப்பலேறி வந்த கொள்ளுத்தாத்தாவின் பெயரோடு நம் குடும்பக் கதை தொடங்கும். அதில் ஒரு பர்மியப் பாட்டியும் இருப்பார், பலர் அவரைச் சொல்லாமல் விட்டுவிடுவார்கள். மத்தேயு விடவில்லை. தாமார், இராகாபு, ரூத்து, உரியாவின் மனைவி என்று மரியாவுக்கு முன் நான்கு பெண்களைச் சேர்த்திருக்கிறார். ரூத்து மோவாபுப் பெண், வேற்று நாட்டவர். இதைச் சொன்ன அன்று, தமிழ் எழுத்து வாசிக்கத் தெரியாத நம் பிள்ளைகள்கூட நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். பெயர்களைத் தமிழில் வாசித்து, கதைகளைப் பர்மியில் சொன்னேன். பிள்ளைகளுக்குப் புரியாத செந்தமிழில் மட்டும் பேசுவதும் தவறுதான்.

கடைசியாக, 24ஆம் தேதியைக் கைவிடாதீர்கள். பலகாரம், குடில், இரவுப் பூசைக்கான ஓட்டம் என்று அன்று காலை வாசகத்தை யாரும் திறப்பதில்லை. 19ஆம் தேதி வாசகத்தில் வானதூதரின் சொல்லை நம்பாமல் பேச்சிழந்த, யோவானின் தந்தை செக்கரியா, 23இல் பலகையில் "யோவான்" என்று எழுதியதும் நாக்குக் கட்டவிழ்ந்து பேசுகிறார். 24 காலையில் அவர் பாடுகிறார், இருளிலும் இறப்பின் நிழலிலும் இருப்பவர்மேல் விடியல் வரும் என்று. மாதக்கணக்கில் பேசாமலிருந்தவரின் பாட்டு அது. குடிலுக்கு வைக்கோல் பரப்பும் நேரத்தில் ஒருவர் சத்தமாக வாசித்தால் போதும், மற்றவர்கள் வேலை செய்துகொண்டே கேட்கலாம்.