சர்க்கரை நோயும் முழங்கால் தேய்மானமும்: ஊசிக்கு முன்னால் கேட்காமல் விடுகிற கேள்வி

எடை குறைய வேண்டும், சர்க்கரை கட்டுக்குள் இருக்க வேண்டும் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதை விட்டுவிடுவோம். இரண்டு நோயும் சேர்ந்து புதிதாக வருகிறவர்கள், முன்னால் வந்தவர்கள் செய்த அதே தவறுகளைத்தான் செய்கிறார்கள். அதில் ஒன்றை இன்னும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

சர்க்கரை டாக்டருக்குத் தெரியாமல் ஸ்டீராய்டு ஊசி

வலி தாங்காமல் ஒருவர் முழங்காலில் ஸ்டீராய்டு என்ற அழற்சி அடக்கும் மருந்தை ஊசியாகப் போட்டுக்கொள்கிறார். மறுநாளே கால் லேசாகிவிடுகிறது. காலையில் வெறும் வயிற்றில் சோதித்தால் 140. நிம்மதி. மதியம் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துச் சோதித்திருந்தால் 320 காட்டியிருக்கும். நாக்கு வறள்கிறது, ராத்திரியில் நாலு தடவை சிறுநீர் கழிக்க எழுந்திருக்கிறார். அதற்கும் ஊசிக்கும் தொடர்பு உண்டென்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

மூட்டுக்குள் போட்ட மருந்து மூட்டோடு நிற்பதில்லை, ரத்தத்திலும் கலக்கிறது. அதனால் கல்லீரல் கூடுதலாகக் குளுக்கோஸை வெளியிடும். தசையில் இன்சுலின் சரியாக வேலை செய்யாது. சில மணி நேரத்தில் தொடங்கும் ஏற்றம் முதல் மூன்று நாட்களில் உச்சத்துக்குப் போய், பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் தணிந்துவிடும். ஹெச்பிஏ1சி ரத்தச் சோதனை இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி என்பதால் இதைக் காட்டிக்கொடுக்காது.

அதனால் ஊசிக்கு முன்பே சர்க்கரை டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்க வேண்டியவை இரண்டு: எந்த அளவைத் தாண்டினால் கூப்பிட வேண்டும், இன்சுலினை எத்தனை யூனிட் கூட்டலாம். ஊசிக்குப் பின் ஒரு வாரம், வெறும் வயிற்றிலும் மூன்று வேளைச் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் கழித்தும் விரலில் குத்திப் பாருங்கள். சர்க்கரை ஏற்கெனவே 250-க்கு மேல் ஓடினால் ஊசியைத் தள்ளிப்போடலாமா என்று கேளுங்கள். இரண்டு முழங்காலிலும் ஒரே நாளில் போட்டால் மருந்தும் இரட்டிப்பு, ஏற்றமும் அதற்கேற்ப. 300-க்கு மேல் போய் வாந்தியோ மயக்கமோ வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இன்னொரு பக்கமும் உண்டு. கூட்டிய இன்சுலினை அப்படியே தொடர்கிறவர்கள் ஐந்தாறு நாள் கழித்து, ஊசியின் வேகம் அடங்கியதும், தாழ்சர்க்கரையில் விழுகிறார்கள். கூட்டச் சொன்ன டாக்டரிடமே எப்போது குறைப்பது என்றும் கேட்டுவிடுங்கள். மூட்டு மாற்று அறுவைக்கு நாள் குறித்திருந்தால், அதற்கு முந்தைய மூன்று மாதத்தில் இந்த ஊசி வேண்டாம். தொற்று அபாயம் கூடும்.

தானாக வாங்கிப் போடும் வலி மாத்திரை

டைக்ளோஃபெனாக், எட்டோரிகாக்சிப் போன்றவை சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் குறைப்பவை. சர்க்கரையால் சிறுநீரகம் ஏற்கெனவே அடி வாங்கியிருக்கலாம். கூடவே டெல்மிசார்டான் மாதிரி ரத்தக்கொதிப்பு மாத்திரையும் நீர்மாத்திரையும் சேர்ந்தால் மூன்று பக்கமும் இடி. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் ரத்தக் கிரியேட்டினின், சிறுநீரில் அல்புமின் ஆகிய இரண்டு சோதனைகளையும் பார்க்காமல் தொடங்காதீர்கள். முழங்காலுக்கு முதலில் டைக்ளோஃபெனாக் ஜெல்லைத் தடவிப் பார்க்கலாம். ரத்தத்தில் சேர்வது மிகக் குறைவு.

வலிக்கிறதென்று அசையாமல் இருப்பது

தொடைத் தசை இளைத்தால் மூட்டின் மேல் பாரம் கூடும். குளுக்கோஸைச் செலவழிக்கும் தசையும் குறையும். நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டி, ஐந்து விநாடி பிடித்து இறக்குங்கள். காலுக்குப் பத்து முறை, தினம் இரு வேளை. இன்சுலினோ கிளிமிபிரைடு என்ற சர்க்கரை மாத்திரையோ எடுப்பவருக்கு நடைக்கு முன் சர்க்கரை 90-க்குக் கீழ் இருந்தால், ஏதாவது சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

மரத்த காலில் சுடு ஒத்தடம்

கூடவே கூடாது. சூடு தெரியாது, கொப்புளம்தான் தெரியும்.

வீங்கிச் சிவந்து சூடான பாதம்

வலி குறைவாக இருந்தாலும் தேய்மானம் என்று விடாதீர்கள். எலும்பு நொறுங்கும் சார்கோ பாதமாக இருக்கலாம். பாதத்தை ஊன்றாமல் அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள்.