கலாங்க் மலைப்பாதைகள்: ‘குன்றுதானே’ என்று கிளம்புகிறவர்கள் செய்யும் தவறுகள்

பிரான்சின் தென்கரையில், மார்செய் நகருக்கும் கசிஸ் என்ற சிற்றூருக்கும் நடுவே, கடலை ஒட்டி வெள்ளை வெளேரென்று ஒரு சுண்ணாம்பு மலைத்தொடர் நிற்கிறது. செங்குத்துப் பாறைகளுக்கு நடுவே ஒடுங்கிய நீல நீர்த்துறைகள் மலைக்குள் புகுந்திருக்கும். கலாங்க் என்பது அந்தத் துறைகளின் பெயர். பகுதி முழுவதையும் அப்படியே அழைக்கிறார்கள். 2012 முதல் இது தேசியப் பூங்கா. நகரப் பேருந்தில் ஏறி, கடைசி நிறுத்தத்தில் இறங்கி, நேராகக் காட்டுக்குள் நடந்துவிடலாம். வினையும் அந்த வசதியில்தான் இருக்கிறது. வருகிறவர்களில் பாதிப் பேர் கடற்கரைக்குப் போகிற தோரணையில் வருகிறார்கள்.

முதல் தவறு, உயரத்தைப் பார்த்து எடை போடுவது. இங்குள்ள பெரிய சிகரமான மோன் பூஜே 565 மீட்டர்கூட இல்லை. மார்செய்வேர் 432 மீட்டர். ஆல்ப்ஸ் பார்த்தவர்களுக்குச் சிரிப்பு வரும். மூர்த்தி சிறிதானாலும் கீர்த்தி பெரிது என்பதை இந்த மலை முழங்காலுக்குச் சொல்லிக் காட்டும். நடை கடல் மட்டத்திலிருந்து தொடங்குகிறது. அதோடு ஒரே ஏற்றமும் ஒரே இறக்கமுமாக முடிவதில்லை. ஒரு துறையிலிருந்து அடுத்த துறைக்குக் கரையோரமாகவே போய்விடலாம் என்று வரைபடத்தைப் பார்த்தால் தோன்றும். பெரும்பாலான இடங்களில் முடியாது, கரையே செங்குத்துப் பாறை. மேலே கணவாய் வரை ஏறி, மறுபக்கம் இறங்கி, குளித்துவிட்டு, திரும்ப ஏற வேண்டும். மார்செயின் கடைக்கோடியான காலலோங்கிலிருந்து கசிஸ் வரை போகும் நெடும்பாதை 25 கிலோமீட்டருக்கு மேல் நீளும். ஏற்றங்களை மட்டும் கூட்டினாலே ஆயிரம் மீட்டரைத் தாண்டும். நல்ல நடைக்காரருக்கே பத்துப் பன்னிரண்டு மணி நேர வேலை. நடுவில் கூடாரம் போட்டுப் படுத்துக்கொள்ளலாம் என்றால், பூங்காவுக்குள் இரவு தங்கத் தடை. ஆகவே ‘மணிக்கு ஐந்து கிலோமீட்டர்’ கணக்கை மறந்துவிடுங்கள். பாறையும் சரளையுமான இந்தப் பாதையில் இரண்டரை கிலோமீட்டர் வந்தால் நல்ல வேகம்.

அடுத்தது தண்ணீர். இதைத்தான் அதிகம் பேர் கோட்டை விடுகிறார்கள். மலை என்றால் எங்காவது ஓர் ஓடையோ ஊற்றோ இருக்கும் என்பது நம் மனதில் ஊறிய எண்ணம். சுண்ணாம்புப் பாறையில் அந்த எண்ணம் செல்லாது. மழைநீர் பாறையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து, விரிசல்களைக் குழாய்களாக்கி, நிலத்தடிக்குப் போய்விடும். மேலே ஒரு சொட்டு நிற்காது. மார்செயில் மழையே ஆண்டுக்குச் சுமார் 500 மில்லிமீட்டர்தான். போன தண்ணீர் எங்கே வருகிறது என்றால், கசிஸ் அருகே போர்-மியு துறையில் கடலுக்கடியில் ஒரு பாதாள ஆறாக வெளியே வருகிறது. அதுவும் வழியிலேயே கடல்நீர் கலந்து உப்புக் கரிக்கும். ஆக, குழாய்த் தண்ணீரை ஊரிலேயே நிரப்பிக்கொள்ள வேண்டும். வசந்த காலத்தில் அரைநாள் நடைக்கு ஆளுக்கு 2 லிட்டர், வெயில் ஏறினால் 3 லிட்டர் என்பது என் கணக்கு. கனம்தான், தூக்கித்தான் ஆக வேண்டும். வெள்ளைப் பாறை வெயிலைத் திருப்பி முகத்தில் அடிக்கும் என்பதால் தொப்பி மட்டும் போதாது, கறுப்புக் கண்ணாடியும் வேண்டும். நிழல் என்று நம்பிப் போக எதுவும் இல்லை. அங்கங்கே அலெப்போ பைன் மரங்கள், மற்றபடி முழங்கால் உயர முட்புதர்.

செருப்பு விஷயத்துக்கு வருவோம். இந்தப் பாறை இரண்டு விதமாக ஆளைக் கவிழ்க்கும். ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் மழை அரித்த விளிம்புகள் கத்தி போல இருக்கும், ரப்பர் செருப்பைக் கிழித்துவிடும். கூட்டம் நடக்கும் இடத்தில் நேர்மாறு: பழைய கோயில் படிக்கட்டு போலத் தேய்ந்து பளபளவென்று ஆகியிருக்கும். காய்ந்த நாளிலேயே வழுக்கும். மழைத்தூறல் விழுந்ததா, அவ்வளவுதான்.

ஆன்-வோ துறைக்கு இறங்கும் வழியைப் பாருங்கள். கசிஸிலிருந்து போர்-மியு, போர்-பான் இரண்டையும் தாண்டி மேட்டுக்கு வந்ததும் கீழே பச்சை நீர் தெரியும். பத்து நிமிடத்தில் இறங்கிவிடலாம் போலிருக்கும். அங்கேதான் பாதை ஒரு குறுகிய பாறைப் பிளவுக்குள் நுழைகிறது. ஆயிரக்கணக்கான பாதங்கள் பட்ட படிப்பாறைகள் சலவைக்கல் மாதிரி மின்னும். பிடித்து இறங்கக் கையும் வேண்டும். ஒரு கையில் செல்பேசி, மறு கையில் குளிர்பெட்டி என்று வருகிறவர்கள் அந்த இடத்தில் மலைத்து நிற்பார்கள், பின்னால் வரிசை சேர்ந்துவிடும். வரிசையைப் பார்த்து அவசரப்பட வேண்டாம். பாறைப் பக்கம் திரும்பி, மூன்று பிடிமானம் நிலையாக இருக்கும்போது நான்காவதை நகர்த்துங்கள். அந்த மினுமினுப்பில் கால் வைக்காமல், ஓரத்தில் சொரசொரப்பான இடம் தேடி வையுங்கள். இறங்கிய வழியிலேயே ஏறவும் வேண்டும் என்பதை இறங்கும் முன்பே நினைத்துக்கொள்வது நல்லது. களைத்தால் படகில் திரும்பிவிடலாம் என்று சிலர் திட்டம் போடுவார்கள். கசிஸிலிருந்து வரும் சுற்றுலாப் படகுகள் துறைகளைக் காட்டிவிட்டுப் போகும், கரையில் நிறுத்தி ஆள் ஏற்றாது.

கோடையில் வேறொரு சிக்கல். ஜூன் 1 முதல் செப்டம்பர் 30 வரை காட்டுத்தீ அபாயத்தைப் பொறுத்து நாளுக்கு நாள் அனுமதி மாறும். நாளை திறப்பா மூடலா என்பது முந்தின நாள் மாலைதான் தெரியும். அபாயம் மிகுந்த நாளில் மலைக்குள் நுழையவே கூடாது, மீறினால் அபராதம். விமானம், விடுதி எல்லாவற்றையும் ஒரே ஒரு ஜூலை நாளை நம்பி முன்பதிவு செய்துவிட்டு வாசலில் நின்று வாதாடிப் பயனில்லை. மாற்றுத் திட்டம் ஒன்று கையில் இருக்கட்டும். சுஜிட்டோன் துறைக்கு 2022 கோடையிலிருந்து முன்பதிவு முறையும் வந்துவிட்டது. கட்டுப்பாடு இருக்கும் நாட்களில் 400 பேருக்கு மட்டும் இடம், கட்டணம் இல்லை. அதற்கு முன்பு உச்ச நாட்களில் 2,500 பேர் வரை போய், மண் பெயர்ந்து, பைன் மரங்களின் வேர் வெளியே தெரியும் நிலைக்கு வந்திருந்தது. எனக்கு இது நியாயமான கட்டுப்பாடாகத்தான் படுகிறது.

உண்மையில் கோடையை விட்டுவிட்டு மார்ச் முதல் மே வரையோ, அக்டோபரிலோ போவது புத்திசாலித்தனம். அப்போதும் மிஸ்த்ரால் காற்றைக் கணக்கில் வைக்க வேண்டும். ரோன் பள்ளத்தாக்கு வழியாக வடக்கிலிருந்து இறங்கும் வறண்ட காற்று இது. வந்தால் வானம் துடைத்து வைத்த மாதிரி நீலமாக இருக்கும். வெளியூர்க்காரர் அதைப் பார்த்து நல்ல நாள் என்று கிளம்புவார். உள்ளூர்க்காரர் முகட்டுப் பாதையைத் தவிர்ப்பார். தெவன்சோன் போன்ற பாறை விளிம்புகளில் ஒரு பலத்த வீச்சு ஆளைத் தள்ளாட வைக்கப் போதும். இன்னொன்று, இந்தக் காற்று கடலின் மேற்பரப்பு வெந்நீரைத் தூரத் தள்ளிவிட, அடியிலிருந்து குளிர்நீர் மேலே வரும். நேற்று சுகமாக இருந்த கடல் இன்று பல டிகிரி குளிர்ந்திருக்கும். வியர்த்து வந்த உடம்போடு தொப்பென்று குதிக்காதீர்கள்.

பாதைக்குறிகளையும் படிக்கத் தெரிய வேண்டும். நெடும்பாதைக்கு வெள்ளை-சிவப்புக் கோடுகள், உள்ளூர்ப் பாதைகளுக்குத் தனித்தனி நிறம். வெள்ளை-சிவப்பில் பெருக்கல் குறி இருந்தால் அந்தப் பக்கம் போகாதே என்று பொருள். குறுக்குவழி எதுவும் வேண்டாம். சரளைச் சரிவில் முடிந்து மாட்டிக்கொள்வீர்கள் என்பது ஒரு பக்கம். புதர்களும் மிதிபட்டு அழிகின்றன. கடலோரத்தில் வளரும் அபூர்வமான ஒரு முட்செடியைப் பிரெஞ்சுக்காரர்கள் ‘மாமியார் மெத்தை’ என்கிறார்கள். பார்க்க மெத்தைதான், உட்கார்ந்தால் தெரியும்.

பாறைகளுக்கு நடுவே செல்பேசி சிக்னல் அடிக்கடி போய்விடும், ஆகவே வரைபடத்தை முன்பே இறக்கி வையுங்கள். அவசர எண் 112. டிசம்பரில் மாலை ஐந்து மணிக்கெல்லாம் சூரியன் இறங்கிவிடும் என்பதால் நெற்றி விளக்கு ஒன்று பையில் கிடக்கட்டும்.

முதல் முறை போகிறவருக்கு என் சிபாரிசு: லூமினி பல்கலைக்கழக வளாகம் வரை பேருந்து, அங்கிருந்து சுஜிட்டோன் கணவாய் வரை நடை. ஒரு மணி நேரத்துக்குள் கடலும் மோர்ஜியு முனையும் கண்ணுக்குத் தெரியும். கால் நன்றாக இருந்தால் கீழே இறங்குங்கள், இல்லாவிட்டால் அங்கேயே சாப்பிட்டுவிட்டுத் திரும்புங்கள். ஆன்-வோவை அடுத்த பயணத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.